நான் வரைந்த நாலாவது கட்டம்

திங்கட்கிழமை காலை நீங்கள் மூன்று பேரும் நம் பிரிக்பீல்ட்ஸ் நெட்வொர்க் கடையில் வேலைக்குச் சேரும்போது, பாஸ் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அறிக்கைப் புத்தகத்தைக் கொடுப்பார். பச்சை அட்டை போட்டது. ஒவ்வொரு தாளிலும் வாடிக்கையாளர் பெயர், முகவரி, போன நேரம், கிளம்பிய நேரம் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். அடியில் 'கோளாறுக்குக் காரணம்' என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் மூன்று கட்டங்கள்: லைன், கருவி, வாடிக்கையாளர். ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். ஒரு வீட்டின் நெட்வொர்க் கெட்டுப்போக இந்த மூன்றைத் தவிர வேறு காரணமே உலகத்தில் கிடையாது என்பது நம் கடையின் நம்பிக்கை.

நான் ஒருமுறை பேனாவால் நாலாவதாக ஒரு கட்டம் வரைந்தேன். எட்டு வருட வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கைக் கடிதம் அதற்காகத்தான். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லாமல் இந்தக் கடையை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

எனக்கு வயது முப்பத்தொன்று. ஓய்வு பெறுகிற வயதில்லை, தெரியும். ஆனால் வீடு வீடாகப் போய் மேசைக்கு அடியில் தவழும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அடுத்த மாதம் ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையின் நெட்வொர்க் அறையில் உட்காரப் போகிறேன். அங்கே குளிர்சாதனம் உண்டு, நாய் கிடையாது. உங்களில் ஒருவர் பெண் என்று கேள்விப்பட்டேன். தங்கச்சி, உனக்கு ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கதவைத் திறப்பவர்கள் உன் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்ப்பார்கள். டெக்னீஷியன் பின்னால் வருகிறான் என்று நினைப்பார்கள். நீ பாட்டுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போ.

கேபிளுக்குத் தலை போடுவது, கோப்புறையைப் பகிர்வது, கடவுச்சொல் மாற்றுவது எதையும் நான் சொல்லித் தரப் போவதில்லை. அதெல்லாம் நீங்கள் படித்ததுதான். வீடுகள்தான் உங்களுக்குப் புதிது. அம்பாங்கில் ஒரு வீட்டில் பின்னறைக்கு மட்டும் வைஃபை போகாது. மூன்று பேர் போய் மூன்று ரௌட்டர் மாற்றினார்கள். வழியில் ஆறடி நீளத்துக்கு மீன் தொட்டி நின்றது. அத்தனை தண்ணீரைத் தாண்டி எந்த அலை போகும்? இன்னொரு வீட்டில் ரௌட்டரைப் பரிசுக் கோப்பைகளோடு இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைப் பெண்ணின் புகுந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். இவையெல்லாம் சிரித்துவிட்டுத் திரும்பக்கூடிய கதைகள். கிள்ளான் கதையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதில் தப்பு செய்தது நான்.

நாலு வருடத்துக்கு முந்தின கதை. கிள்ளானில் ஒரு வரிசை வீடு. புனிதா அக்கா அங்கிருந்தபடியே பெட்டாலிங் ஜெயாவில், அதாவது பிஜே-யில், இருக்கும் ஒரு படத் தயாரிப்பு கம்பெனிக்கு நாடகத் தொடர்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பவர். எடிட்டர். வரவேற்பறையின் ஓர் ஓரத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள், படம் முழுவதும் சேமித்து வைத்திருக்கும் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, இவற்றையெல்லாம் இணைக்கும் சுவிட்ச் என்கிற சின்னக் கறுப்புப் பெட்டி. இன்னோர் ஓரத்தில் கட்டில். அதில் அவர் கணவர் குணா அண்ணே. பக்கவாதம் வந்து இரண்டு வருடம். வலப்பக்கம் அசையாது; பேச்சு மெதுவாக வரும். எழுந்து உட்காரவும் தண்ணீர் குடிக்கவும் ஒரு கை வேண்டும். அந்தக் கை அக்காவுடையது. மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஏழெட்டு அடி. அக்காவின் வாழ்க்கை அந்த ஏழெட்டு அடியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கம்பெனி தன் எடிட்டர்களின் வீட்டு நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நம் கடையிடம் விட்டிருந்தது. அதனால் நாம் எழுதும் அறிக்கையின் நகல் நேராகக் கம்பெனிக்குப் போகும். இதை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். குணா அண்ணே கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"டெக்... னீஷியன்?"

"நான்தான் அண்ணே."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏணி... யார் புடிப்பா?"

"நானே ஏறி நானே புடிச்சுக்குவேன்."

அவர் வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு நேரமில்லை. கோப்பைத் திறந்தால் படம் விக்கி விக்கி ஓடியது. ஒரு காட்சியை ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு இழுத்துப் போட்டுவிட்டு, மாவு கரைத்து, தோசை ஊற்றி, அண்ணனுக்கு ஊட்டி முடித்துவிட்டு வந்தாலும் பாதிதான் வந்திருந்தது.

"எப்பலேர்ந்துக்கா இப்படி?"

"போன வாரத்துலேர்ந்து மா. மூணு எபிசோட் லேட்டாயிருச்சு."

"ஏதாச்சும் மாத்துனீங்களா? புது சாமான், புது சாப்ட்வேர்?"

"ஒண்ணும் மாத்தல லா. இருந்தது இருந்தபடிதான் இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. என் கேள்விதான் உதவாத கேள்வி.

இணைய வேகத்தைச் சோதித்தேன். அவர்கள் கட்டணம் கட்டுகிற வேகம் அப்படியே வந்தது. லைன் சரி. கம்ப்யூட்டரின் இணைப்பைப் பார்த்தேன். முழு வேகம் காட்டியது. அதுவும் சரி. மிச்சம் இருந்தது ஸ்டோரேஜ் பெட்டி. நாலு வருடப் பழசு. மணியைப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் என்பது பாஸின் விதி, எனக்கோ இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. அடுத்த வீடு காப்பாரில். 'கருவி' கட்டத்தில் டிக் அடித்தேன். அதற்குக் கீழே எழுத வேண்டிய வரிகளைப் பாஸ் ஏற்கெனவே தயாரித்து எல்லோர் போனிலும் அனுப்பியிருந்தார். ஒன்றை எடுத்துப் பார்த்தெழுதினேன்: 'இவ்வீட்டிலுள்ள கருவிகள் பெரிய கோப்புகளைக் கையாளும் தொழிலுக்கு ஏற்றவை அல்ல. அனைத்தையும் மாற்றப் பரிந்துரைக்கிறோம்.'

நல்ல கையெழுத்து என்னுடையது. தமிழ்ப்பள்ளியில் பரிசு வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தங்கச்சி, நீ எழுதுனத எனக்கே படிச்சுக் காட்டுறாங்க மா. வீட்ல உள்ள சாமான் ஏத்தது இல்லையாம். சாமான் மாத்துற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க முடியாதாம். திங்கக்கிழமைலேர்ந்து பிஜே ஆபிஸ்ல வந்து உக்காரணுமாம். இல்லன்னா வேற எடிட்டருக்குக் குடுத்துருவாங்களாம்."

"அக்கா..."

"நான் உன்னத் திட்டல. ஒண்ணு மட்டும் சொல்லு. நீ எழுதுனது உண்மையா? உண்மைன்னா உண்மைன்னு சொல்லிரு. இவருக்கு என்ன பண்றதுன்னு நான் யோசிச்சுக்கிறேன்."

 தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பாஸிடம் போனேன். நம் பாஸ் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு வேலை கொடுத்தபோது, பொம்பளைப் பிள்ளையைக் கூரைமேல் ஏற்றுவதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். "அவ ஏறுவா, நீ கீழ நின்னு பாரு" என்று பதில் சொன்னவர் அவர்தான். ஆனால் அறிக்கை என்று வந்துவிட்டால் அவருக்கு அது வேத வாக்கு.

"கிள்ளான் கேஸ மறுபடி பாக்கணும் பாஸ்."

"அது குளோஸ். ரிப்போர்ட் போயிருச்சு."

"அந்தப் பெட்டி கெட்டிருக்கான்னு நான் பாக்கவே இல்ல."

"பாக்காம எப்படி எழுதுன?"

"நீங்க அனுப்புன வரியத்தான் எழுதுனேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாரு. நம்ம ரிப்போர்ட்ட நாமளே தப்புன்னு சொன்னா நாளைக்கு எவன் நம்மள நம்புவான்? சாமான மாத்தச் சொல்லு, எல்லாம் சரியாயிரும்."

"திங்கக்கிழமைக்குள்ள அந்த அக்கா சாமான் மாத்த முடியாது பாஸ். மாத்துனாலும் சரியாகும்னு எனக்குத் தெரியாது."

"நாளைக்கு உனக்குப் பந்திங்ல ரெண்டு வீடு இருக்கு."

"நாளைக்கு எனக்கு லீவு."

"எப்பக் கேட்ட?"

"இப்பதான் பாஸ்."

வியாழக்கிழமை காலை கே.எல். சென்ட்ரலில் கொமூட்டர் ரயில் ஏறினேன். கடை வேனை எடுக்கவில்லை. லீவில் இருப்பவளுக்கு எதற்கு வேன்? பை மட்டும் தோளில்.

இந்த முறை மணியைப் பார்க்கக் கூடாது என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டேன். முதலில் ஸ்டோரேஜ் பெட்டியின் வட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. அதாவது, வீட்டுக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்தில் என் முதல் அறிக்கை பொய் என்று தெரிந்துவிட்டது.  பிறகு கம்ப்யூட்டரின் அமைப்புகளைக் கிண்டினேன். பகிர்வைத் துண்டித்து மறுபடி இணைத்தேன். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் ஓட வேண்டிய எண் பதினொன்றிலேயே உட்கார்ந்திருந்தது. பதினொன்று. மறுபடி பதினொன்று. அந்த எண்ணே எனக்கு விடையைச் சொல்லியிருக்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவளுக்கு எண் வெறும் எண்ணாகத்தான் தெரியும்.

அக்கா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். பிறகு அலமாரியைத் திறந்து, ஆபிசுக்குப் போட்டுக்கொண்டு போகக்கூடிய சட்டைகளை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார். மூன்று சட்டை. நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சட்டையில் இருந்த ஒவ்வொரு மடிப்பும் என் கையெழுத்தால் வந்தது.

பெட்டியை முழுவதுமாகக் கழற்றித் திரும்ப மாட்டலாம் என்று, சுவிட்சிலிருந்து அதற்குப் போகும் கேபிளை உருவித் தரையில் போட்டேன். அந்த நேரம் பார்த்து காக் ரோஸ் வந்தார்.

காக் என்றால் மலாயில் அக்கா. குணா அண்ணனுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்ட். கிள்ளானில் பாதி நோயாளிகள் தமிழர்கள் என்பதால் உடைந்த தமிழில் வெளுத்து வாங்குவார். வந்ததும் அண்ணனின் காலை இறக்கி வைக்கப் பார்த்தார். என் கேபிள் குறுக்கே கிடந்தது.

"அலாமாக், தங்கச்சி! இவர் கால்ல சுத்துனா நான் கீழே, இவர் மேலே!"

"சாரி காக்."

அவர் கேபிளை எடுத்து ஓரமாகப் போடப் போனவர், அதன் தலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது என்ன, மஞ்ச மஞ்ச? வாய்க்குள்ள பூசி இருக்கு. உபாட்டா? மருந்து?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தப் பெட்டிலயும் இருக்கு. கம்ப்யூட்டர்லயும் இருக்கு. உன் பையில கூட இருக்கே. ஏன் எல்லாரும் மஞ்ச மருந்து போடுறீங்க?"

என் பையைப் பார்த்தேன். மேல் உறையில் செருகியிருந்த கேபிள் சோதிக்கும் கருவியின் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். முந்தின வாரம் ஆயுத பூசைக்கு நம் கடையில் நானே வைத்தது. டிரில்லுக்கு வைத்தேன், ஏணிக்கு வைத்தேன், பாஸின் கால்குலேட்டருக்கும் வைத்தேன்.

கேபிளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் தலையில் வரிசையாக எட்டுத் தங்கப் பற்கள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்து ஓரத்தில் இரண்டு பற்களின்மேல் சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். வாசம் வந்தது.

"அக்கா, ஆயுத பூசைக்கு இதெல்லாம் எடுத்து வச்சீங்களா?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. "ஆமாம் மா, வைக்காம? எல்லாத்தையும் கழட்டித் தொடச்சு, சரஸ்வதி படத்துக்கு முன்னால வச்சோம். மறுநாள் நல்ல நேரம் பாத்து மாட்டுனேன். ஒயருக்குக்கூட ஒரு பொட்டு வச்சேன். எனக்குச் சோறு போடுறது அதானே?"

நான் செவ்வாய்க்கிழமை கேட்டேன், ஏதாவது மாற்றினீர்களா என்று. பூசையை யார் மாற்றம் என்று சொல்வார்கள்? அது வருடா வருடம் செய்வது. மாற்றம் என்பது புதிதாக வாங்குவது. அவர் சரியாகத்தான் பதில் சொன்னார். போன வாரம் வீட்டில் என்ன நடந்தது, ஒவ்வொரு நாளாகச் சொல்லுங்கள் என்று நான் கேட்டிருந்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே பூசை வந்திருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. சுவிட்சின் முகப்பில் வரிசையாக விளக்குகள் எரியும். முழு வேகத்துக்குப் பச்சை, குறைந்த வேகத்துக்கு ஆரஞ்சு. எந்தக் கத்துக்குட்டியும் முதலில் பார்க்க வேண்டிய இடம். அந்த வரிசையில் சரியாக ஸ்டோரேஜ் பெட்டிக்கான விளக்கின்மேல் ஒரு பெரிய குங்குமப் பொட்டு. செவ்வாய்க்கிழமை அதை நான் பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன். என் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும், அம்மா வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். பழகிய கண்ணுக்குப் பொட்டு சுவரின் நிறம் மாதிரி. காக் ரோஸுக்கு அது பழகாத நிறம். அதனால் கேட்டார். அந்த வீட்டுக்குள் வந்த அத்தனை பேரிலும் நெட்வொர்க்கைப் பற்றி எதுவும் தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

காக் ரோஸ் தன் பையிலிருந்தே ஸ்பிரிட் பஞ்சு கொடுத்தார். ஊசி போடும் முன் தோலைத் துடைப்பார்களே, அது. பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். காயும் வரை ஊதினேன். சுவிட்சின் விளக்கையும் துடைத்தேன். கேபிளை மாட்டினேன். 'டக்' என்றது.

ஆரஞ்சு கண் சிமிட்டியது. பிறகு பச்சை.

எட்டுக் கம்பியும் சேர்ந்தால்தான் அந்தப் பெட்டி முழு வேகத்தில் பேசும். சில கம்பிகள் அடைபட்டால் கோபித்துக்கொண்டு நிற்காது. இருக்கிற நாலு கம்பியை வைத்துக்கொண்டு மெதுவாக, மரியாதையாக, யாரிடமும் புகார் சொல்லாமல் ஓட்டிக்கொண்டே இருக்கும். இணையம் அந்தக் கேபிள் வழியாகப் போவதே இல்லை, அதனால் என் சோதனையில் எல்லாம் சரி என்று வந்தது. படங்கள் மட்டும்தான் அதன் வழியாக வரும்; பெரிய கோப்புக்கு அந்தப் பதினொன்று போதாது. இதை இங்கே நாலு வரியில் எழுதுகிறேன். அன்றைக்கு அந்த மேசைக்கு அடியில் தலையை இடித்துக்கொண்டுதான் புரிந்துகொண்டேன்.

அக்கா இஸ்திரியை விட்டுவிட்டு வந்து ஒரு முழு எபிசோடை இழுத்துப் போட்டார். ஒரு மணி நேரம் பிடித்த கோப்பு ஆறு நிமிடத்தில் வந்து உட்கார்ந்தது.  கட்டிலிலிருந்து குணா அண்ணன்தான் முதலில் பேசினார். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"வீட்ல... ரெண்டு பேரு... ஸ்லோவா... இருந்தோம். ஒருத்தன... சரி பண்ணிட்ட."

காக் ரோஸ் அவர் கையைப் பிடித்தபடியே சிரித்தார். "உங்களுக்கும் ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கவா?"

அக்கா சிரித்தார், உடனே முகம் மாறியது. "அப்ப நான்தான் கெடுத்தேனா மா?"

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவு நீட்டினேன். ஒரு வீட்டில் கோளாறு கண்டுபிடித்த நிமிடம் இருக்கிறதே, அது ஆபத்தான நிமிடம். நாம் கெட்டிக்காரர்கள் என்று நமக்குத் தெரிந்துவிடும். வாடிக்கையாளர் தலை குனிந்து நிற்பார். அவர் தலையில் எதை வைத்தாலும் ஏற்றுக்கொள்வார். 'பாத்து வைக்கக் கூடாதாக்கா' என்று ஒரு வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"சந்தனம் வச்சதால வேகம் கொறஞ்சுச்சு. உங்கள ஆபிசுக்குக் கூப்புட்டது சந்தனம் இல்லக்கா. நான் எழுதுன ரிப்போர்ட்டு."

அங்கேயே மேசையில் அறிக்கைப் புத்தகத்தைத் திறந்தேன். காரணம்: லைன். இல்லை. கருவி. இல்லை. வாடிக்கையாளர். பேனா அந்தக் கட்டத்தின்மேல் நின்றது. சட்டப்படி பார்த்தால் அதுதான் பொருந்தும். அதில் டிக் விழுந்தால் கம்பெனியில் என்ன படிப்பார்கள்? வீட்டில் கருவிகளைக் கவனிக்கத் தெரியாதவர், ஆபிசில் வந்து உட்காரட்டும் என்றுதான். முதல் அறிக்கை தள்ளிய அதே பள்ளத்தில் இரண்டாவதும் தள்ளும்.

மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் இல்லாமல் கோணலாக இன்னொரு கட்டம் வரைந்தேன். பக்கத்தில் 'டெக்னீஷியன்' என்று எழுதி டிக் அடித்தேன். கீழே எழுதினேன்: 'ஒரு கேபிளின் தலையில் அடைப்பு. சுத்தம் செய்யப்பட்டது. கருவிகள் அனைத்தும் நன்றாக உள்ளன, தொழிலுக்கு ஏற்றவை. செவ்வாய்க்கிழமை அறிக்கை சோதிக்காமல் எழுதப்பட்டது. அது தவறு.' கையெழுத்துப் போட்டேன். இந்த முறை எழுத்து அவ்வளவு அழகாக இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பாஸ் சந்தனக் கதையை என்னிடம் கேட்டுவிட்டு, நான் விரித்துப் பிடித்த புத்தகத்திலேயே அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார்.

"பைத்தியமா உனக்கு? சந்தனம் பூசுனது யாரு? நீயா?"

"இல்ல பாஸ்."

"அப்ப கஸ்டமர்ல டிக் அடி. புதுத் தாள் எடு."

"அடிச்சா அந்த அக்கா திங்கக்கிழமை பிஜே-ல இருப்பாங்க. அந்த அண்ணே தனியாக் கெடப்பாரு."

"அது அவங்க கம்பெனி பிரச்சன."

"அவங்க கைல இருக்குறது நம்ம ரிப்போர்ட்டு பாஸ். அப்ப நம்ம பிரச்சனதான்."

"இத அனுப்புனா கடை பேரு?"

"என் பேருதான் போட்டிருக்கேன்."

அவர் கையை நீட்டினார், தாளைக் கொடு என்று. புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். கம்பெனியின் ஒருங்கிணைப்பாளர் பார்த்துவிட்டார் என்று போனில் இரண்டு நீல டிக் விழுந்திருந்தது. அதையும் அவரிடம் காட்டினேன். மறைக்க எனக்கு எதுவும் இல்லை.

பாஸ் திட்ட ஆரம்பிப்பதற்குள் போன் அடித்தது. ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண். கறாரான குரல். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஒரே வாரத்துல ஒரே ஆள்கிட்டேர்ந்து ரெண்டு ரிப்போர்ட். எத நான் நம்புறது?"

"ரெண்டையும் நம்பாதீங்க மிஸ். இப்பவே டெஸ்ட் பண்ணுங்க. உங்ககிட்ட இருக்குறதுலயே பெரிய எபிசோட் எதுன்னு சொல்லுங்க. புனிதா அக்கா இப்ப மேசைலதான் இருக்காங்க. ஸ்கிரீனக் காட்டிக்கிட்டே காப்பி பண்ணச் சொல்றேன். நேரத்த நீங்களே பாருங்க."

"ஓடலன்னா?"

"ஓடலன்னா நான் இந்த வேலைக்கு லாயக்கு இல்லன்னு எழுதிக் குடுக்குறேன். அதையும் நம்பலாம்."

பாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருங்கிணைப்பாளர் ஒரு எபிசோட் எண்ணைச் சொன்னார். அக்காவை வீடியோ அழைப்பில் சேர்த்தோம். திரையில் அந்த நீலப் பட்டை நகர ஆரம்பித்தது. பின்னணியில் கட்டிலின் ஒரு முனை தெரிந்தது, குணா அண்ணனின் வலது கால் தெரிந்தது. கடைச் சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. பாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். கேபிளில் இன்னொரு பல் எங்காவது அடைபட்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபடி பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி ஓடியபோது அந்தக் கால் கட்டிலிலிருந்து நழுவியது. அக்கா எழுந்து திரையிலிருந்து மறைந்தார். காலைத் தூக்கி வைக்கும் கைகள் தெரிந்தன. தலையணையைச் சரி செய்தன. திரும்பி வந்து உட்கார்ந்தார். பட்டை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒருங்கிணைப்பாளர் அதைப் பார்த்திருக்க வேண்டும். 

"ஆறு நிமிஷம் சொச்சம்," என்றார் பாஸ். அவர் வாயிலிருந்துதான் வந்தது.

"சரி," என்றது அந்தக் கறார் குரல். "புனிதா, திங்கக்கிழமை வர வேணாம். லேட்டான மூணு எபிசோடையும் அனுப்பிடுங்க."

அக்கா தலையாட்டினார். உடனே வேலையைத் திறந்துவிட்டார்.

மத்தியானம் பாஸ் எனக்கு எச்சரிக்கைக் கடிதத்தைக் கொடுத்தார். 'அனுமதியின்றி அலுவலகப் படிவத்தை மாற்றியமைத்ததற்காக.' செவ்வாய்க்கிழமை சோதிக்காமல் பொய் எழுதினேன். அதற்கு எந்தக் கடிதமும் வரவில்லை. உண்மைக்கு ஒரு கட்டம் வரைந்தேன், அதற்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பாஸ் என் முகத்தைப் பார்க்காமல், "சாப்ட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டு பேரும் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். அதன் பிறகும் நான்கு வருடம் அவரிடம்தான் வேலை பார்த்தேன். தயாராக வைத்திருந்த அந்த வரிகளை அவர் அப்புறம் யாருக்கும் அனுப்பவில்லை. படிவத்தை மட்டும் மாற்றவில்லை. இன்று வரை மூன்று கட்டம்தான்.

புனிதா அக்கா இப்போதும் அதே மேசையில்தான் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூசைக்கு முதல் நாள் கூப்பிடுவார். முதல் தடவை கூப்பிட்டபோது அவர் கேட்டது இதுதான்:

"தங்கச்சி, பொட்டு வைக்காம என்னால இருக்க முடியாது. எங்க வைக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லு."

"வாய்லயும் கண்லயும் வைக்காதீங்கக்கா. முதுகு பூரா உங்களுக்குத்தான்."

பின்னால் ஒரு குரல், முன்பைவிடக் கொஞ்சம் வேகமாக: "ஏணி... புடிக்க... ஆளு வேணுமான்னு கேளு."

உங்கள் மூன்று பேருடைய பைகளையும் நான் நேற்றே தயார் செய்து வைத்துவிட்டேன். கருவிகளின் முதுகில் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு இருக்கும். யாராவது அது என்ன என்று கேட்டால் சிரிக்காதீர்கள். அவர் கை காட்டும் இடத்தை நன்றாகப் பாருங்கள். பச்சை அட்டைப் புத்தகங்களிலும் முதல் தாளில் மட்டும் நாலாவது கட்டத்தை வரைந்து வைத்திருக்கிறேன். பாஸ் இன்னும் பார்க்கவில்லை. மற்ற தாள்களில் நீங்கள்தான் வரைய வேண்டும். பேனா பையின் பக்கத்து உறையில் இருக்கிறது.